சங்கு நின்ற ஊர்

மாலையில் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்ட கூட்டம் அது. துணிக்கடைப் பையன், கட்டட வேலைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கண் சிவந்த பெண். பங்காரப்பேட்டை வரைக்கும் பாதிப் பேர் தூங்குவார்கள். அங்கே வண்டி பெரிய பாதையை விட்டு விலகி 16 கிலோமீட்டர் கிளைப் பாதையில் திரும்பும்போது, யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிடும். ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கூட்டம் இறங்கி இருட்டில் கலையும். அதில் இளவட்டம் அத்தனை பேர் காதிலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாட்டோ, கிரிக்கெட்டோ, ரீல்ஸோ.

அந்தக் காதில் ஒரு நாள் அவர்களுடைய தாத்தாவின் குரல் ஓடினால்? நீ நிற்கிறாயே, அதற்கு நேர் கீழேதான் எங்கள் ஆயுசு போனது என்று ஒரு கிழக்குரல் சொன்னால், கால் அங்கேயே நிற்குமா, நிற்காதா?

ஆடியோ வாக் என்கிறார்கள். நாம் ஒலிநடை என்று வைத்துக்கொள்ளலாம். சங்கதி எளிது. ஓர் ஊரின் பழைய ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது. அந்தப் பேச்சை அவரவர் சொன்ன இடத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பது. நடக்கிறவர் செல்போனில் கேட்டபடி போவார். இந்த மதிலோரம் ஒரு குரல், அந்தத் திருப்பத்தில் இன்னொரு குரல். ஆண்டையும் அளவையும் ஒப்பிக்கிற சுற்றுலா வழிகாட்டியின் குரல் இல்லை. அங்கே வாழ்ந்த ஆளின் குரல், மூச்சிரைப்பும் தயக்கமும் அப்படியே இருக்க.

கனடாவின் ஜேனட் கார்டிஃப் 1991-லேயே இதை ஒரு கலையாகச் செய்யத் தொடங்கிவிட்டார். லண்டன் வைட்சேப்பல் நூலகத்திலிருந்து புறப்படும்படி 1999-இல் அவர் அமைத்த நடையைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது கிரேம் மில்லர் என்ற கலைஞர் செய்தது. கிழக்கு லண்டனில் எம்11 இணைப்புச் சாலை போட ஏறத்தாழ 400 வீடுகளை இடித்தார்கள். மில்லர் குடியிருந்த வீடும் அதில் போயிற்று. 2003-இல் அவர் அந்தச் சாலையோர விளக்குக் கம்பங்களில் 20 சிறிய ஒலிபரப்பிகளை மாட்டினார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தால், வீடு நின்ற இடத்தில் அந்த வீட்டுக்காரர் பேசுவது கேட்கும். எதிரே லாரி ஓடுகிறது. காதுக்குள் மட்டும் அந்த வீடு இருக்கிறது.

சுரங்கம் மூடிய கிராமங்கள் இந்த வடிவத்தைக் கையிலெடுத்ததில் ஆச்சரியமில்லை. மற்ற ஊர்களில் பார்க்க வேண்டியது மண்ணுக்கு மேலே இருக்கும். சுரங்க ஊரில் மேலே இருப்பது வெறும் கதவு. அந்தக் கதவையும் பூட்டியாயிற்று. பிறகு நடக்கிறவருக்கு மிஞ்சுவது காதுதான்.

தமிழ் பேசும் சுரங்க ஊர் ஒன்று பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் கேஜிஎஃப், அதாவது கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ். உள்ளூர்க்காரர்களுக்குத் தங்கவயல். ஒலிநடைக்கென்றே ஓர் ஊரைச் செய்யச் சொன்னால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது. ஏனென்றால் அந்த ஊர் வாழ்ந்ததே காதால்.

காதால் பிழைத்தவர்கள்

தங்கவயலைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் தங்கத்தின் மினுக்கத்தில் தொடங்குவார்கள். சுரங்கத்துக்குள் மினுக்கம் கிடையாது. ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்; அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் கல்லோடு கல்லாகக் கலந்து கிடக்கும். இருபது, முப்பது ஆண்டு உள்ளே உழைத்தவர்களில் பலர் தாங்கள் எடுத்த தங்கத்தைத் தங்கமாகப் பார்த்ததே இல்லை.

உள்ளே உயிரைக் காத்தது கண்ணைவிடக் காது. தலையில் மாட்டிய கேப் லேம்ப் காட்டுவது கொஞ்ச தூர வெளிச்சம். வெடி வைத்து, புகை அடங்கியபின் உள்ளே போகிறவர் முதலில் செய்வது நீளக் கம்பியால் மேற்பாறையைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. டொக்கென்று கேட்டால் உள்ளுக்குள் பிளந்து நிற்கிறது என்று அர்த்தம். கம்பியால் நெம்பிக் கீழே தள்ளிய பிறகுதான் அதனடியில் நின்று வேலை பார்க்கலாம். சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டிக்குத் தெரிந்த அதே வித்தைதான். இங்கே கணக்குத் தப்பினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜும் காதை நம்பித்தான் ஓடியது. கயிற்றை விடுவதும் இழுப்பதும் மேலே வைண்டிங் இன்ஜின் அறையில் உட்கார்ந்திருப்பவர். அவர் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. கீழிருந்து மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணுவதே அவர் வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம். நூறாவது லெவலுக்கும் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள். ஒரே கேஜில் அவ்வளவு ஆழம் போக முடியாது. இறங்கி, நடந்து, உள்ளேயே இன்னொரு ஷாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், ஏறி மாற வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம். அங்கிருந்து இறங்கி, கடல் மட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அடியில் போய், 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறைக்குப் பக்கத்தில் நின்று துளை போட்டுவிட்டு, மார்கழிக் குளிரில் வியர்வையோடு மேலே வந்தவர்கள் அவர்கள். அத்தனை ஆழத்துக்கும் மேலுலகத்துக்கும் நடுவே ஒரு மணிச் சத்தம்.

மேலே ஊரை ஓட்டியது சங்கு. ஷிஃப்டுக்கு ஊதும் சங்குக்குத்தான் உலை வைத்தார்கள், பிள்ளைகளை எழுப்பினார்கள், கடை திறந்தார்கள். வேளைகெட்ட வேளையில் சங்கு ஊதினால் மட்டும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள்.

சங்கு ஊதாமலே தெரிந்துகொள்ளும் சமாச்சாரம் ஒன்றும் உண்டு. ஆழத்தில் பாறை தன் மேல் அழுத்தும் பாரம் தாங்காமல் தானாக வெடித்துச் சிதறும். பொறியாளர்கள் ராக்பர்ஸ்ட் என்று எழுதுகிறார்கள். தங்கவயல் வழக்கில் அது ஏர் பிளாஸ்ட். பெரிதாக நடந்தால் மேலே வீடு குலுங்கும், அலமாரியில் அடுக்கிய பாத்திரம் சரியும். பாறைகளின் நடத்தையை ஆராயும் தேசிய நிறுவனத்தை 1988-இல் இந்த ஊரில் கொண்டுவந்து வைத்தது சும்மா இல்லை. பாத்திரம் அதிர்ந்த தினுசை வைத்தே எந்தப் பக்கச் சுரங்கம் என்று ஊகிப்பீர்களா என்று அந்த ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த அறிக்கையிலும் கிடைக்காத பதில் கிடைக்கும்.

சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கம், கடைசியில் எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு கூடுதல் என்று நின்றுபோனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆழத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சங்கு நின்றது. தமிழில் சங்கு ஊதினால் கதை முடிந்தது என்று பொருள். தங்கவயலில் ஊதுகிறவரைக்கும் உயிர் இருந்தது, நின்றபோதுதான் முடிந்தது.

பெயர் பெற்றவர்களும் எண் பெற்றவர்களும்

தங்கவயலின் எழுதப்பட்ட வரலாற்றை எடுத்தால் துரைமாரின் பெயர் வரிசையாக வரும். திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-இல் இந்தப் பக்கம் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண் ஏற்றி வந்து அவர் கண்ணெதிரே அலசி, பொடித் தங்கத்தைக் காட்டினார்கள். வாரன் எழுதிய அறிக்கையால் வாரன் பெயர் நின்றது. மண் அலசிக் காட்டியவரின் பெயர் நாம் படிக்கும் கதையில் இல்லை.

அதற்கு எழுபது ஆண்டு கழித்து, நியூசிலாந்தின் மாவோரிப் போரிலிருந்து திரும்பிய அயர்லாந்துச் சிப்பாய் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டுக் கோலாருக்கு வந்தார். 1873-இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். 1880-இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின்சாரம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பியில் ஓடிவந்து தங்கவயலில் இயந்திரம் சுற்றியது. பெங்களூருக்கு அந்த வெளிச்சம் 1905-இல்தான் கிடைத்தது. இதெல்லாம் எல்லோரும் எழுதுவது.

ஷாஃப்டுகளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: கிஃபோர்டு, எட்கர், ஹீத்கோட், புல்லன், கார்மைக்கேல், ஹென்றி. பேட்டைகளும் அப்படியே, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. அந்த ஷாஃப்டுகளைத் தோண்டிய கைகள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவை. பெரும்பாலும் சொந்த ஊரில் காணி நிலமும் இல்லாத, தெருவில் நடக்கும் உரிமையும் இல்லாத ஆதிதிராவிடக் குடும்பங்கள். எனக்குத் தெரிந்த ஷாஃப்ட் பெயர்களில் அவர்களுடைய பெயர் ஒன்றுகூட இல்லை. சம்பளப் பதிவேட்டில் அவர்களுக்கு ஓர் எண் இருந்தது.

இந்த இடத்தில் வந்ததும் ‘குரலற்றவர்கள்’ என்று பெருமூச்சு விடுவது பத்திரிகை வழக்கம். தங்கவயல்காரர்களிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்தம் வேர் பிடித்த முக்கியமான இடங்களில் ஒன்று மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு நின்றுபோய், 1926-இல் தங்கவயலிலிருந்துதான் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. சுரங்க ஊரில் சித்தார்த்தா அச்சகம் நடத்திப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டார்கள். 1930-இல் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று மொத்த வயலும் வேலையை நிறுத்தியது. 1946-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஊர் கர்நாடகச் சட்டசபைக்கு அனுப்பியவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்களும் உண்டு, அதிமுகக்காரர்களும் உண்டு. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் 1998-இல் வெளியிட்ட ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நூலைப் படித்தவர்களுக்கு இந்த ஊரின் வாய் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆகக் குரல் இருந்தது. அச்சும் இருந்தது. ஆனால் அச்சில் ஏறியது போராட்டம். ஏறாமல் போனது சாதாரணச் செவ்வாய்க்கிழமை. மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் என்ன, கேஜில் இறங்கும்போது காது அடைத்தால் என்ன செய்வார்கள், உள்ளே இருந்த எலிகளுக்குச் சோறு போட்டார்களா, ராத்திரி ஷிஃப்ட் போகிற புருஷனிடம் பெண்டாட்டி கடைசியாக என்ன சொல்லி அனுப்புவாள். இதையெல்லாம் அதிகம் யாரும் எழுதவில்லை, எழுதத் தக்கது என்று வாழ்ந்தவர்களுக்கும் தோன்றவில்லை. 1970-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது.

சும்மா ஒரு கிளைக்கதை. இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் கண்டார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்ற துகள்களின் இரைச்சல் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. விஞ்ஞானிகள் அங்கே இறங்கியது அமைதியைத் தேடி. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. அந்த டர்ஹமும் சுரங்கச் சீமைதான், நிலக்கரி. 1951-இல் அந்த மாவட்ட நிர்வாகம் தன் கிராமங்களைத் தரம் பிரித்து, 114 கிராமங்களை ‘டி’ பிரிவில் தள்ளியது. நிலக்கரி தீரப்போகிறது, இனி இவற்றில் புதிதாக எதையும் கட்ட வேண்டாம், தாமாகத் தேயட்டும் என்று பொருள். டர்ஹமில் அதைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியாவது செய்தார்கள். தங்கவயல் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று யாரும் இதுவரை எழுதித் தரவில்லை. அது போகட்டும்.

எங்கே நடப்பது

நானாக இருந்தால் சாம்பியன் ரயில் நிறுத்தத்தில் தொடங்கி, லைன்களுக்குள் புகுந்து, ஒரு ஷாஃப்டின் மதிலை ஒட்டி நடந்து, சயனைடு மேட்டைப் பார்த்தபடி மாரிக்குப்பத்தில் முடிப்பேன்.

ரயிலடியில் வேண்டியது இன்றைய குரல். விடியற்காலை வண்டியில் பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்பும் பெண் ஒருத்தி, ரயிலில் யார் யாருக்கு எந்த இடம் என்பது எப்படி எழுதாத சட்டமாக இருக்கிறது என்று சொன்னால் போதும். அவளும் ஷிஃப்ட் ஆள்தான். அவளுடைய கேஜ் படுக்கைவாட்டில் ஓடுகிறது.

லைன்களில் நிற்க வேண்டிய நேரம் அதிகம். ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகள். பிறகு ஒட்டு ஒட்டாகக் கட்டிய சிறு அறைகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பகுதியில் முழுக்கப் பெண்கள் குரல்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சுரங்கத்துக் கதை என்றதும் ஆண்களைத் தேடி ஓடுகிறோம். பூமிக்கடியில் எட்டு மணி நேரம் என்றால், மேலே காத்திருந்ததும் எட்டு மணி நேரம். பொதுக் குழாய்ச் சண்டை, சம்பள நாளில் கடன்காரனை முந்திக்கொண்டு புருஷனைப் பிடிக்கும் சாமர்த்தியம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும் அந்தப் பேச்சு. நைனா என்று அப்பாவைக் கூப்பிடும் பேச்சு. அதைத் திருத்தி நூல் தமிழாக்கிவிட்டால் பாதி ஊர் காணாமல் போய்விடும்.

ஷாஃப்ட் மதிலருகே போனால் உள்ளே விடமாட்டார்கள். விட வேண்டிய அவசியமும் இல்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, தூரத்தில் துருப்பிடித்து நிற்கும், கேஜ் கயிறு ஓடிய ஹெட்கியர் இரும்புச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளே இறங்கின கதையைக் கேட்பதுதான் ஒலிநடையின் அழகே. அருங்காட்சியகம் கட்ட நிலம் வேண்டும், நிதி வேண்டும், ஒப்புதல் வேண்டும். இதற்கு மதிலின் வெளிப்பக்கம் போதும்.

இங்கே ஒரு வேண்டுகோள். பதிவில் வரும் இருமலை வெட்டாதீர்கள். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலில் படிந்து வருவது சிலிகோசிஸ். 1940களில் தங்கவயல் தொழிலாளர் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. இந்திய மருத்துவ நூல்களில் இன்றும் சிலிகோசிஸ் பற்றிய அத்தியாயத்தில் கோலார்ப் பெயர் வரும். இன்றைய எடிட்டிங் செயலிகள் இருமலையும் தொண்டைக் கனைப்பையும் ஒரே தட்டலில் துடைத்துக் கொடுக்கின்றன. துடைத்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் வேலை செய்த தடயம் அதுதான்.

கடைசியில் சயனைடு மேடு. அரைத்த பாறையிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண். 13 குவியல்கள், ஏறத்தாழ 3.3 கோடி டன். மழை அறுத்த வரிகளோடு சாம்பல் நிற மலைபோல நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தப் பொடி பறந்து வீட்டுச் சோற்றில் விழும். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். 2018-இல் வந்த ‘கேஜிஎஃப்’ கன்னடப் படத்துக்குப் பிறகு, ஊர் பெயரைச் சொன்னாலே தாடி வைத்த ஒரு கதாநாயகன்தான் வெளியூர்க்காரர் மனக்கண்ணில் வருகிறான். 2024-இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ இன்னும் பின்னால் போய், முதலில் தோண்ட வந்தவர்களைப் பேசியது. சினிமா அதன் வேலையைச் செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேட்டில் சின்ன வயதில் சறுக்கி விளையாடி, வீட்டுக்கு வந்து அடி வாங்கியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கப் போனவர்கள் குறைவு. அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கலாம் என்ற மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024-இல் இசைவு தந்திருக்கிறது. வேலை தொடங்கினால் மேடே இல்லாமல் போகலாம். அப்போது சறுக்கின கதையைச் சொல்ல இடம்கூட இருக்காது.

நான் கெடுத்த ஒரு பதிவு

வெறும் யோசனை சொல்லிவிட்டுப் போவது சுலபம் என்பதால் நான் கெடுத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனை நடுவில் வைத்து, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் ஐயா என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சேர்ந்த தேதி, எந்தச் சுரங்கம், மேனேஜர்கள் பெயர், வாங்கிய மெடல், ஓய்வுபெற்ற தேதி. மேடையில் பேசுவதுபோல இருபது நிமிடம். நடுவில் உள்ளே குக்கர் நாலு விசில் அடித்தது வேறு. பதிவை நிறுத்திவிட்டு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் காபி வந்தது. குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, விரல் கணுவால் தட்டினார். கிண்ணென்றது. இது நல்ல கல்லாம். பிறகு இடது கையால் டம்ளரை இறுக்கிப் பொத்திக்கொண்டு மறுபடி தட்டினார். செத்த சத்தம். தலையை மேலே தூக்கித் திண்ணைக் கூரையை ஒரு நொடி பார்த்தார், பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து ஓரடி நகர்ந்தார். வேலையை விட்டு இத்தனை ஆண்டாகியும் உடம்பு நகர்கிறது. நான் அவரைப் பார்த்தேன், செல்போனைப் பார்த்தேன். அதை முன்பே அணைத்துவிட்டிருந்தேன்.

அன்று கற்றது: அனுபவத்தைக் கேட்கக் கூடாது, பொருளைக் கேட்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கில் என்ன இருந்தது, எந்தக் காலில் முதலில் பூட்ஸ் போடுவீர்கள், கேஜில் யார் பக்கத்தில் நிற்பீர்கள். கையில் ஏதாவது கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பழைய தொப்பி, விளக்கு, ஒரு டம்ளர். காபி குடிக்கும்போது பதிவை நிறுத்தவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைரேகை கேட்டதற்கு வேலையை நிறுத்திய ஊர் அது. குரலும் ரேகை மாதிரிதான். யாருடையது என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். எதற்கு எடுக்கிறோம், எங்கே வைக்கப்போகிறோம், வேண்டாமென்றால் எப்படி நீக்குவோம் என்று முன்னாலேயே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும். பதிவின் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். டூரிஸ்ட் பஸ் விட்டு டிக்கெட் போடுகிற நாள் வந்தால் காசில் பங்கும் போக வேண்டும். இந்த மண்ணிலிருந்து எடுத்தது எல்லாமே வெளியே போன வரலாறு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

பெரிய அமைப்போ அரசு நிதியோ வரும் என்று காத்திருக்க நேரமில்லை. செயலி, வரைபடம், ஒலிச் சேர்ப்பு எல்லாம் பத்து வருஷம் கழித்துக்கூட யாராவது கல்லூரிப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். குரலைப் பத்து வருஷம் கழித்து எடுக்க முடியாது. இதைப் படிப்பவர்களில் தங்கவயலில் பிறந்தவர்கள், அங்கே பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். சென்னையில், வேலூரில், திருப்பத்தூரில், பெங்களூரில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது குக்கரை இறக்கிவிட்டு உட்காருங்கள். பதிவுப் பொத்தானை அழுத்தி, தேதியையும் இடத்தையும் அவர் பெயரையும் முதலில் நீங்களே சொல்லுங்கள். பிறகு, முதல் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று கேளுங்கள்.